விட்டுக்கொடுத்தேனா, என்னையே விட்டுக்கொடுத்துவிட்டேனா?

வரிக்கோடு | திங்கள், இரவு 11:48

எனக்கு 26 வயது. நான்கு வருடமாக ஒருவனோடு இருக்கிறேன். நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்படி ஒரு இழை திறந்தாலே "விட்டு வெளியே வா" என்று நாலு பேர் எழுதுவார்கள். அவன் என்னைத் திட்டியதில்லை, என் போனை எடுத்துப் பார்த்ததில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் கண் விழித்து உட்கார்ந்திருப்பான்.

போன வாரம் நடந்தது இது. தன் நண்பரிடம் கொஞ்சம் பணம் வாங்கியிருந்தான். கொடுக்க வேண்டிய நாள் வந்தது, கையில் இல்லை. "நாங்கள் வெளியூரில் இருக்கிறோம், வந்து தருகிறேன்" என்று சொல்லிவிட்டான். அந்த நண்பருக்கு ஏதோ தோன்றி எனக்குப் போன் செய்தார். "நீங்கள் இரண்டு பேரும் ஊரில் இல்லையா?" என்று கேட்டார். இவன் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் "ஆமாம், வர இன்னும் இரண்டு நாள் ஆகும்" என்றேன். அந்த இரண்டு நாள் நானாகச் சேர்த்தது. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

அந்தத் தயங்காததுதான் என்னைத் தின்கிறது. எனக்குப் பொய் சொல்லவே வராது. சின்ன வயதில் அக்கா என்னிடம் எந்த ரகசியத்தையும் சொல்ல மாட்டாள், "உன் முகமே காட்டிக்கொடுத்துவிடும்" என்பாள். எனக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை இருந்தது. நான் யார் என்று யாராவது கேட்டால், வேறு எதைச் சொல்கிறேனோ இல்லையோ, பொய் சொல்லாதவள் என்று சொல்லியிருப்பேன்.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அலமாரியில் எதையோ தேடப்போய் என் பழைய ஸ்கெட்ச் நோட்டு கையில் கிடைத்தது. பாதி வரைந்த ஒரு கை. கட்டைவிரல் முடிந்திருக்கிறது, மற்ற விரல்கள் வெறும் கோடு. பென்சில் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. நோட்டு மூடிக் கிடந்ததில் அது அழுத்தி, தாளில் நீளமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. தேதி பார்த்தேன். எங்கள் உறவு தொடங்கி ஐந்தாவது மாதம்.

யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை. நான் வரைவது ஞாயிற்றுக்கிழமை காலையில். அவனுக்கு ஓய்வு அந்தக் காலை ஒன்றுதான். ஒரு வாரம் அவனுக்காக விட்டேன், அடுத்த வாரமும் விட்டேன், அப்புறம் அதை நினைக்கவே இல்லை.

உறவென்றால் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். எதுவரை அது விட்டுக்கொடுத்தல்? எந்த இடத்திலிருந்து அது என்னையே நான் விட்டுக்கொடுப்பது?


நடைவழி | செவ்வாய், காலை 6:20

இரண்டு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள் என்று படுகிறது. வரைவதை விட்டது வேறு, பொய் சொன்னது வேறு. முதலாவதில் நீங்கள் நேரத்தைக் கொடுத்தீர்கள். இரண்டாவதில் உங்கள் வார்த்தையைக் கொடுத்தீர்கள், அதுவும் மூன்றாவது ஆள் ஒருவருடைய செலவில். நேரத்தை இந்த ஞாயிறே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வார்த்தைக்கு அந்த நண்பரிடம் போய்த்தான் ஆக வேண்டும்.


மெய்யெழுத்து | செவ்வாய், காலை 9:05

நான் கொஞ்சம் மாற்றிப் பேசப்போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"முன்பு நான் என்று ஒருத்தி முழுசாக இருந்தாள், உறவு வந்து அவளைத் தேய்த்துவிட்டது" என்கிற கதையை நான் நம்பவில்லை. 22 வயதில் யார் முழுசாக இருக்கிறார்கள்? 2013-இல் டேனியல் கில்பர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 18 முதல் 68 வயது வரை 19,000-க்கு மேற்பட்டவர்களிடம் ஆய்வு செய்தார்கள். கடந்த பத்து ஆண்டில் எவ்வளவு மாறினீர்கள், வரும் பத்து ஆண்டில் எவ்வளவு மாறுவீர்கள் என்பதுதான் கேள்வி. எல்லா வயதுக்காரர்களும் இதுவரை நிறைய மாறியதாகவும், இனிமேல் அவ்வளவாக மாறமாட்டோம் என்றும் சொன்னார்கள். அவர்கள் கேட்டதில் ஆளுமையும் ரசனையும் மட்டுமல்ல, மதிப்பீடுகளும் உண்டு. "இதுதான் நான்" என்று நாம் எந்த வயதில் கோடு கிழித்தாலும் அது அவசரமாகக் கிழித்த கோடுதான்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 24 வயதுவரை நாலு பேர் இருக்கும் அறையில் வாய் திறக்க மாட்டேன். என் இணை வந்த பிறகுதான் பேசத் தொடங்கினேன். கூட்டத்தில் நான் ஏதாவது சொல்ல நினைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். "இவர் ஏதோ சொல்ல வருகிறார்" என்று இடம் செய்து கொடுப்பாள். நான் தவறாகச் சொன்ன நாளிலும் யார் முன்னாலும் என்னை விட்டுக்கொடுத்ததில்லை. இன்று நான் பத்துப் பேருக்கு வகுப்பு எடுக்கிறேன். அந்த ஊமைப் பையன்தான் உண்மையான நான், அவள் என்னை மாற்றிவிட்டாள் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேனா?

இதற்குப் பெயரே இருக்கிறது. மைக்கேலேஞ்சலோ விளைவு என்பார்கள். ஸ்டீபன் டிரிகோட்டஸ், கேரில் ரஸ்பல்ட் ஆகியோர் 1999-இல் எழுதியது. கல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிற உருவத்தைச் சிற்பி வெளியே கொண்டுவருவதுபோல, நல்ல இணை நம்மை நாம் ஆக விரும்பும் ஆளாகச் செதுக்குகிறார்.


மணல்கடிகாரம் | செவ்வாய், பிற்பகல் 2:31

மெய்யெழுத்து சொல்வதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "நாம் ஆக விரும்பும் ஆளாக". அந்த ஆய்வின் உயிரே அதில்தான் இருக்கிறது. உளி யார் கையில் இருந்தாலும் உருவம் உங்களுடையதாக இருக்க வேண்டும். மெய்யெழுத்து பேச விரும்பினார், பேச முடியவில்லை, அந்தப் பெண் உதவினார். வரிக்கோடு பொய் சொல்லப் பழக விரும்பவில்லை. இரண்டும் மாற்றம்தான், ஆனால் ஒன்று அவரவர் போக நினைத்த திசையில், மற்றது எதிர்த்திசையில்.

நான் இளைஞர்களுக்கு மனநல ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். இந்தக் கேள்வி வாரம் ஒருமுறையாவது என் முன்னால் வந்து உட்காரும். எரிக் எரிக்சன் 1950-இல் மனித வளர்ச்சியை எட்டுக் கட்டமாகப் பிரித்தார். அவர் போட்ட வரிசையில் "நான் யார்" என்பது விடலைப் பருவத்தின் கேள்வி. நெருக்கம் அதற்கு அடுத்த கட்டம், இளமைப் பருவத்துக்கு உரியது. தன்னைப் பற்றி ஓரளவு தெளிவு வந்தவரால்தான் பயமில்லாமல் இன்னொருவரோடு கலக்க முடியும் என்பது அவர் எண்ணம். நடைமுறையில் இந்த வரிசை அவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. காதலித்துக்கொண்டே தன்னைத் தேடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஒரு சறுக்கல் வரும்.

ஜேம்ஸ் மார்சியா 1966-இல் அந்தச் சறுக்கலை அழகாகப் பிரித்துக் காட்டினார். சிலர் தேடிப்பார்த்து, தட்டுத்தடுமாறி, ஒன்றைத் தமதாக ஏற்கிறார்கள். சிலர் தேடாமலே, பக்கத்தில் இருப்பவருடையதை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டு பேரும் உறுதியானவர்கள்போல்தான் தெரிவார்கள். அவர் இதைப் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து எடுத்துக்கொள்வதைப் பற்றிச் சொன்னார். காதலரிடமிருந்து எடுத்துக்கொள்வதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வரிக்கோடு, நீங்கள் தலைப்பில் வைத்திருக்கும் சொல்லை நம் மொழி நமக்குச் சும்மா கொடுக்கவில்லை. "எனக்காக விட்டுக்கொடுத்தான்" என்றால் இறங்கி வந்தான் என்று பொருள். "நாலு பேர் முன்னால் என்னை விட்டுக்கொடுத்துவிட்டான்" என்றால் கைவிட்டான் என்று பொருள். மெய்யெழுத்து தன் இணையைப் பற்றி "யார் முன்னாலும் என்னை விட்டுக்கொடுத்ததில்லை" என்று எழுதியது இந்த இரண்டாவது பொருளில்தான். ஒருவர் தனக்குப் பிடித்ததை விட்டுக்கொடுக்கலாம், தன் நேரத்தை, தன் வசதியை விட்டுக்கொடுக்கலாம். தன்னை விட்டுக்கொடுக்கும்போதுதான் அந்த இரண்டாவது பொருள் வந்து உட்காருகிறது. எது எது என்று கண்டுபிடிக்க நான் கேட்கச் சொல்வது ஒன்றே ஒன்று. அதைச் செய்த பிறகு இணையிடம் அதைப் பற்றிப் பேச முடிகிறதா? "உனக்காக இந்த ஞாயிறு விட்டேன், அடுத்த ஞாயிறு எனக்கு வேண்டும்" என்று சொல்ல முடிந்தால் அது கொடுக்கல் வாங்கல். சொல்லவே முடியாமல் உள்ளே போய்விட்டால், நீங்கள் கொடுத்தது அவருக்கே தெரியாது. அவர் எப்படித் திருப்பிக் கொடுப்பார்?

இன்னொன்று, வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆர்தர் ஆரனும் எலைன் ஆரனும் 1992-இல் உருவாக்கிய ஒரு அளவுகோல். மொத்தமே ஏழு படம். ஒவ்வொன்றிலும் இரண்டு வட்டம், ஒன்று நான், ஒன்று நீ. முதல் படத்தில் தனித்தனியாக இருக்கும், ஏழாவதில் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று. உங்கள் உறவு எந்தப் படம் என்று குறிக்க வேண்டும். நான் கூடவே இரண்டாவது கேள்வியும் கேட்பேன்: எந்தப் படமாக இருந்தால் உங்களுக்கு நன்றாக இருக்கும்? 2013-இல் டேவிட் ஃபிராஸ்ட் செய்த ஆய்வில், எவ்வளவு நெருக்கம் என்பதைவிட, இருக்கும் நெருக்கத்துக்கும் வேண்டிய நெருக்கத்துக்கும் உள்ள இடைவெளிதான் உறவின் நலத்தோடும் மனநலத்தோடும் அதிகம் தொடர்புள்ளதாகத் தெரிந்தது. ஆளாளுக்கு அளவு வேறு.


கற்பூரவல்லி | செவ்வாய், மாலை 5:10

நீங்கள் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அந்தப் போன் வந்தபோது "இல்லை, இங்கேதான் இருக்கிறோம்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மனதில் முதலில் வருவதை எழுதுங்கள். பதில் பயமாக இருந்தால் இந்த இழையில் மற்றவர்கள் சொல்லும் எதுவும் பொருந்தாது. பயத்தில் செய்வதற்கு விட்டுக்கொடுத்தல் என்று பெயரே கிடையாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பாதுகாப்பு, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வைப்பது. மதிப்பீடு, அடையாளம் எல்லாம் அப்புறம்.

நான் அதை அனுபவத்தில் சொல்கிறேன். இதற்குமேல் இங்கே எழுத விருப்பமில்லை.


வரிக்கோடு | செவ்வாய், இரவு 10:22

கற்பூரவல்லி, கேட்டதற்கு நன்றி. உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். அவன் கத்தியிருக்க மாட்டான். எதையும் தூக்கி எறிந்திருக்க மாட்டான். முகம் வாடியிருக்கும். எழுந்து உள்ளே போயிருப்பான், அரை மணி நேரம் பேசாமல் இருந்திருப்பான், அப்புறம் வந்து "சரி விடு" என்றிருப்பான். அவ்வளவுதான்.

அந்த அரை மணி நேரத்தை என்னால் தாங்க முடியாது. யாருக்காவது முகம் வாடினால் அது என்னால்தான் என்று உடம்பெல்லாம் சொல்லும். வயிறு இறுகிவிடும். அதனால் வாடுவதற்கு முன்பே ஏதாவது செய்துவிடுவேன். அவன் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவேன். பாதி விஷயத்தை அவன் கேட்கவே இல்லை என்று இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.


அலைநுரை | புதன், அதிகாலை 1:15

வரிக்கோடு, நான் அந்தப் பக்கத்தில் இருந்தவன். உங்கள் இணை இருக்கும் இடத்தில். தூக்கம் வராமல் எழுதுகிறேன்.

என்னோடு மூன்று வருடம் ஒரு பெண் இருந்தாள். எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்". எங்கே போகலாம்? உன் இஷ்டம். எந்த வேலையை எடுக்கலாம்? உனக்கு எது சரியென்று படுகிறதோ அது. ஆரம்பத்தில் எனக்கு அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். சண்டையே இல்லை. நண்பர்களெல்லாம் பொறாமைப்பட்டார்கள்.

ஒரு வருடம் கழிந்து ஒரு மாதிரி தனிமை வந்தது. காரணம் புரியவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கிறது, அன்பு இருக்கிறது, ஆனால் சுவரில் பந்து அடித்து விளையாடுவதுபோல. நான் அடித்ததே திரும்பி வருகிறது. எனக்கு ஒரு படம் பிடித்தால் அவளுக்கும் பிடித்தது. எனக்கு ஒருவரைப் பிடிக்காவிட்டால் அவளுக்கும் பிடிக்கவில்லை. வேலையில் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன், ஒருவருடைய உழைப்பை என் பெயரில் காட்டினேன். அவளிடம் சொன்னேன். அவள் "நீ செய்தால் காரணம் இருக்கும்" என்றாள். அன்றைக்கு என்னைப் பார்த்து "இது தப்பு" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் திருந்தியிருப்பேன். அவள் சொல்வாள் என்றுதான் சொன்னேனோ என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

பிரிந்த அன்று அவள் சொன்னாள், "நீ என்னிடம் ஒருநாளும் கேட்கவே இல்லை." நான் தினமும் கேட்டேன். ஆனால் பதில் வராதபோது நின்று இரண்டாவது முறை கேட்கவில்லை. அது என் தப்பு. பதில் எனக்குச் சாதகமாக இருந்ததால் நான் நிற்கவில்லை.

உங்கள் இணைக்கு நீங்கள் வேண்டும் என்றால், தலையாட்டுகிறவர் வேண்டும் என்று பொருளில்லை. அவருக்குப் பொய் சொல்ல ஒரு துணை கிடைத்தது. பொய் சொல்லாமல் இருக்க ஒரு துணை கிடைத்திருக்கலாம். அது அவருக்கும் இழப்புதான்.


நடைவழி | புதன், காலை 6:02

அலைநுரை, இதை மூன்று முறை படித்தேன்.


தூரத்துவிளக்கு | புதன், காலை 11:40

எல்லா வேறுபாட்டையும் பேசித் தீர்த்துவிடலாம் என்கிற நம்பிக்கையோடு யாரும் இந்த இழையை விட்டுப் போகக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எனக்குக் குழந்தை வேண்டும். அவருக்கு வேண்டாம். இருவரும் இதை முதல் வருடமே சொல்லிக்கொண்டோம், ஒளிக்கவில்லை. ஆனால் இருவருமே மற்றவர் மாறிவிடுவார் என்று உள்ளுக்குள் காத்திருந்தோம். சேர்ந்து வாழ ஆரம்பித்தது எப்படி என்று கேட்டால் ஒழுங்கான பதில் இல்லை. அவருடைய வாடகை ஒப்பந்தம் முடிந்தது, என் அறையில் இடம் இருந்தது. ஸ்காட் ஸ்டான்லியும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் 2006-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பெரிய முடிவுகளை முடிவு செய்யாமலே அவற்றுக்குள் வழுக்கிப் போய்விடுவது. வழுக்கிப் போகப் போக வெளியே வருவது கடினமாகிக்கொண்டே போகும், ஏனென்றால் வீடு, பொருள், நண்பர்கள் எல்லாம் ஒன்றாகப் பின்னிக்கொள்ளும். எங்களுக்கு அப்படியே நடந்தது. ஐந்து வருடம்.

ஜான் காட்மன் தம்பதிகளை வருடக்கணக்கில் கவனித்து, அவர்களுடைய பிணக்குகளில் 69 சதவீதம் தீராதவை என்று கண்டார். ஒழுங்கு, நேரம், பணம், உறவினர் என்று அதே சண்டை வருடக்கணக்காக வந்துகொண்டே இருக்கும். நன்றாக இருக்கும் தம்பதிகளுக்கும் அப்படித்தான். அவர்கள் அதைத் தீர்ப்பதில்லை, அதோடு பேசிப் பழகுகிறார்கள். இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் நான் அதைத் தவறாகப் பயன்படுத்தினேன். எங்கள் குழந்தை விஷயத்தையும் அந்த 69-க்குள் போட்டுவிட்டேன். அரைக் குழந்தை என்று ஒன்று கிடையாது. அதில் நடுவழி இல்லை. ஒருவர் தன் வாழ்க்கையின் ஒரு பெரிய ஆசையைப் புதைக்க வேண்டும்.

கடைசியில் யார் புதைப்பது என்று பேசினோம். உண்மையிலேயே உட்கார்ந்து, ஒரு ராத்திரி முழுக்க. அவர் "உனக்காக நான் பெற்றுக்கொள்கிறேன்" என்றார். நான் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறக்கப்போகும் அந்தக் குழந்தை ஒருநாள் அந்த முகத்தைப் பார்க்கும் என்று தோன்றியது. வேண்டாம் என்றேன். அழுதுகொண்டே பெட்டி கட்டினோம், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மடித்துக் கொடுத்தோம்.

பிரிந்த பிறகு ஆறு மாதம் எனக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. எந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும், எந்தப் பாட்டு எங்களுக்குப் பிடிக்கும் என்று பிரிக்க முடியவில்லை. அது எனக்கு மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. எரிக்கா ஸ்லாட்டரும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் காட்டியது இதைத்தான்: உறவு முறிந்த பிறகு மக்களுக்குத் தன்னைப் பற்றிய தெளிவு குறைகிறது, அந்தத் தெளிவின்மையும் சேர்ந்துதான் மனவேதனையைத் தருகிறது. ஆள் போன துக்கம் ஒன்று, நான் போன துக்கம் இன்னொன்று. அப்படிப் பிரித்துப் புரிந்துகொண்டபோது எனக்கு மூச்சு வந்தது.


மெய்யெழுத்து | புதன், பிற்பகல் 3:15

நேற்று எழுதியதிலிருந்து நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். அலைநுரை எழுதியது என்னை உலுக்கிவிட்டது. ஆனால் ஒரு பயம் பாக்கி இருக்கிறது.

"இது என் மதிப்பீடு" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் வாயை மூட வேண்டியிருக்கிறது. என் நண்பன் ஒருவன் நேர்மைதான் தன் உயிர் என்பான். அந்த நேர்மையின் பெயரால் தன் இணையின் உடை, தோழிகள், வேலை எல்லாவற்றையும் பற்றி "மனதில் பட்டதைச் சொல்கிறேன்" என்று சொல்லிச் சொல்லியே அவளை ஒடுக்கிவிட்டான். ஒருவருடைய மதிப்பீடு எப்போது இன்னொருவருக்கு விலங்காகிறது?


மணல்கடிகாரம் | புதன், இரவு 8:47

நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்று. மதிப்பீடு என்பது நான் எப்படி நடக்க வேண்டும் என்று எனக்குச் சொல்வது. "நான் பொய் சொல்லமாட்டேன்" என்பது மதிப்பீடு. "என்னோடு இருப்பதால் நீ இப்படி உடுத்தக்கூடாது" என்பது கட்டளை. அதற்கு நேர்மை என்று பெயர் வைத்தாலும் கட்டளைதான். உங்கள் நண்பரின் நேர்மை அவரை எங்கேயாவது சிரமப்படுத்தியதா என்று பாருங்கள். எப்போதும் அடுத்தவரையே சிரமப்படுத்தினால் அது வேறு ஏதோ.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து, மனிதருக்கு மூன்று அடிப்படைத் தேவை என்கிறார்கள்: தன்விருப்பத்தோடு நடப்பது, திறமையை உணர்வது, பிறரோடு பிணைந்திருப்பது. இதில் பலர் முதலாவதைத் தனியாக இருப்பது என்று தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். தன்விருப்பத்தோடு ஒருவரைச் சார்ந்திருக்கவும் முடியும். மனதார "உன்னோடு இருக்கிறேன், நீ சொல்வதைக் கேட்கிறேன்" என்று சொல்வதும் தன்விருப்பம்தான். ஆகவே சுதந்திரமா பாசமா என்று தராசில் போட வேண்டியதில்லை. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் வேண்டும்.

வரிக்கோடு எழுதிய அந்த முகவாட்டப் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டேனா ஜாக் என்ற உளவியலாளர் 1990-களின் தொடக்கத்தில் மனச்சோர்வுள்ள பெண்களிடம் பேசி, "தன்னை மௌனமாக்குதல்" என்று ஒன்றை விவரித்தார். உறவைக் காப்பாற்றுவதற்காகத் தன் கோபத்தையும் கருத்தையும் விழுங்குவது, வெளியே இணக்கமாகவும் உள்ளே வேறு ஆளாகவும் இருப்பது. அதை அளக்க 31 கூற்றுகள் கொண்ட ஒரு அளவுகோலையும் உருவாக்கினார். அப்புறம் ஆண்களிடம் கேட்டுப் பார்த்தபோது அவர்களிடமும் அது இருந்தது. என் அறையில் அழும் பையன்கள் பலர் அழுவதும் இதற்காகத்தான்.

அந்த அரை மணி நேர முகவாட்டத்தை ஒருமுறை இருந்து பாருங்கள், வரிக்கோடு. ஓடிப்போய்ச் சரிசெய்யாமல். வயிறு இறுகட்டும். சின்னதாக ஒரு விஷயத்தில் ஆரம்பியுங்கள். அரை மணி நேரம் கழித்தும் உறவு அங்கேயே இருப்பதை உங்கள் உடம்பு பார்க்க வேண்டும். நாங்கள் எத்தனை பேர் இங்கே எழுதினாலும் உடம்புக்கு அது எட்டாது.


கற்பூரவல்லி | புதன், இரவு 9:30

முகம் மட்டும்தான் வாடும் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அந்த யோசனை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.


மணல்கடிகாரம் | புதன், இரவு 9:41

ஆமாம். நான் எழுதியிருக்க வேண்டும். நன்றி.


வரிக்கோடு | ஞாயிறு, காலை 7:10

நாலு நாளாகப் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். ஒவ்வொன்றையும் படித்தேன். சிலவற்றை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை அவனிடம் சொன்னேன். "உன் நண்பருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லப்போகிறேன். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன், நான் சொன்னது பொய் என்று மட்டும் சொல்வேன்." அவன் முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தான். அப்புறம், "இப்போது எதற்கு இது? அவன் மறந்தே போயிருப்பான்" என்றான். அப்புறம் கோபம் வந்தது. "நீ நல்லவள் ஆவதற்காக என்னை மாட்டிவிடுகிறாயா?" என்றான். அந்த வார்த்தை சுருக்கென்று இருந்தது, ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. எனக்கு மனம் லேசாக வேண்டும், அதற்கு விலை அவனும் கொடுக்கிறான். "ஆமாம், உனக்கும் கஷ்டம்தான். ஆனால் நான் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு இருக்க முடியாது" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டான்.

நான் போகவில்லை. கை அந்தக் கதவுப் பக்கம் போகப் போக இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மணல்கடிகாரம் சொன்னதுபோல அரை மணி நேரம் இல்லை, ஒரு மணி பத்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் இரண்டு முறை அழுதேன்.

வெளியே வந்தவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்து அவனே அந்த நண்பரை அழைத்தான். "அன்றைக்கு நாங்கள் ஊரில்தான் இருந்தோம். கையில் பணம் இல்லை, சொல்ல வெட்கமாக இருந்தது. அவளைச் சொல்ல வைத்தது நான்தான்" என்றான். அந்தப் பக்கம் என்ன பதில் என்று எனக்குக் கேட்கவில்லை. ரொம்ப நேரம் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நண்பர் இன்னும் பழையபடி பேசவில்லை. பேசுவாரா என்று தெரியாது. பணத்தை மாதாமாதம் பிரித்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க இருவரும் அளந்து அளந்துதான் பேசினோம்.

நேற்று இரவு அந்த வட்டங்களைப் போட்டோம். ஏழு படத்தையும் நானே வரைந்தேன், ஆளுக்கொரு தாள், ஒருவர் மற்றவருடையதைப் பார்க்காமல். இருப்பது எது என்ற இடத்தில் நான் ஏழாவதைக் குறித்தேன். அவன் மூன்றாவதைக் குறித்திருந்தான். நான் அதிர்ந்துபோனேன். நான்கு வருடம் என்னை அவனுக்குள் முழுக்கக் கரைத்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அவனுக்கு நான் தூரத்தில் தெரிகிறேன். ஏன் என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்து, "நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை" என்றான். அலைநுரை, உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். அவனுக்கும் நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

வேண்டியது எது என்ற இடத்தில் இருவரும் நான்கு, ஐந்து என்று பக்கத்துப் பக்கத்தில் குறித்திருந்தோம்.

மெய்யெழுத்து, நீங்கள் சொன்னதில் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. நான் பழைய ஆளைத் தேடவில்லை. அந்த நோட்டில் பாதியில் நிற்கும் கையைத் தொடரப் பார்த்தேன், கோடு ஒட்டவில்லை. 22 வயதுக்காரியின் கோடு அது. பக்கத்தைத் திருப்பிவிட்டேன். பென்சில் அழுத்திய பள்ளம் அடுத்த பக்கத்திலும் லேசாகத் தெரிகிறது, அதன் மேலேயே வரையலாம் என்றிருக்கிறேன்.

இப்போது ஞாயிறு காலை. அவன் எழுந்துவிட்டான். நான் பென்சில் சீவுவதைப் பார்த்து, "நானும் பக்கத்தில் உட்காரட்டுமா?" என்று கேட்டான். "உன் இஷ்டம்" என்று நாக்கு நுனிவரை வந்தது. இந்த வாரம் வேண்டாம் என்றேன். முகம் கொஞ்சம் வாடியது. சரி என்று சொல்லிவிட்டு வெளியே நடக்கப் போயிருக்கிறான்.